முதல் முறை ஜப்பான்: ஊர் சுற்றப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யென்னின் மதிப்பு சரிந்த பிறகு, "ஜப்பானுக்கு டிக்கெட் போட்டுவிட்டோம், என்ன செய்யலாம் சொல்" என்று கேட்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் அதிகமாகிவிட்டார்கள். நான் நான்கு முறை போய் வந்திருக்கிறேன், அதில் ஒரு முறை எழுபது வயதைத் தாண்டிய அம்மாவோடு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகத் திரட்டியிருக்கிறேன்.

பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. எத்தனை ஊர் பார்க்கலாம்?

இரண்டு. மனசு கேட்கவில்லையென்றால் மூன்று.

இதைச் சொன்னதும் எல்லோருக்கும் முகம் வாடிவிடும். அவ்வளவு காசு செலவழித்துப் போகிறோம், டோக்கியோ, ஹக்கோனே, தகயாமா, கனசாவா, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டாமா என்பார்கள். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடுகிறது. ஓட்டல்களில் காலை பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். நடுவில் இருக்கும் நேரம் பெட்டியோடுதான் கழியும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஜப்பானிய நகரம் என்பது ரயில் நிலையங்களைச் சுற்றி வளர்ந்த பல சிற்றூர்களின் கோவை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கடைத்தெரு இருக்கும், அதை 'ஷோதென்காய்' என்பார்கள். அங்கே ஒரு டோஃபு கடை, ஒரு பொதுக் குளியலறை, சந்து முனையில் கைக்குட்டை அளவு கோயில், எட்டே நாற்காலி போட்ட நூடுல்ஸ் கடை. நீங்கள் தங்கும் பேட்டையில் இந்த வாழ்க்கை மூன்றாம் நாள்தான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். காலையில் பேக்கரிக்காரம்மா உங்களை அடையாளம் கண்டு தலையசைப்பார். அதற்கு முன்பே பெட்டியைக் கட்டிவிட்டால், புகைப்படத்தில் ஏற்கெனவே பார்த்த இடங்களை நேரில் ஒரு முறை சரிபார்த்துவிட்டு வந்ததுபோல் ஆகிவிடும்.

ஒரே ஊரில் தங்கினால் ஒரே ஊரைத்தான் பார்க்கலாம் என்று பயப்பட வேண்டாம். டோக்கியோவிலிருந்து காமகுராவுக்கு ஒரு மணி நேரம், நிக்கோவுக்கு இரண்டு மணி நேரம். கியோட்டோவிலிருந்து நாராவுக்கு முக்கால் மணி, ஒசாகாவுக்கு விரைவு ரயிலில் அரை மணி. காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம், பெட்டி அறையிலேயே கிடக்கும்.

அப்படியானால் நாள்களை எப்படிப் பிரிப்பது?

பத்து இரவு என்றால் டோக்கியோவில் ஐந்து, கியோட்டோவில் நான்கு, கடைசி இரவு ஒசாகாவில். டோக்கியோவில் இறங்கி, ஒசாகா பக்கத்திலுள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்புகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். பெரும்பாலும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. இறங்கின ஊருக்கே திரும்ப ஓடுவதில் ஒரு நாளும் பதினாலாயிரம் யென்னும் வீண்.

முதல் நாள் காலைக்கு எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். இந்தியாவையும் இலங்கையையும் விட ஜப்பான் மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை 7 மணி என்றால் நம் உடம்புக்கு அது விடியற்காலை 3.30.

எந்த மாதம் போகலாம்?

செர்ரிப் பூ வேண்டுமென்றால் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். டோக்கியோ, கியோட்டோ இரண்டிலும் ஏறத்தாழ அப்போதுதான் பூக்கும். ஆனால் பூ பஞ்சாங்கம் பார்த்துப் பூப்பதில்லை. ஒரு மழை அடித்தால் இரண்டு நாளில் எல்லாம் உதிர்ந்துவிடும். அறை வாடகையும் அந்த நாள்களில்தான் உச்சத்தில் இருக்கும். இலையுதிர்காலச் செம்மை கியோட்டோவில் நவம்பர் மத்தியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை நிற்கும். எனக்குப் பூவைவிட அதுதான் பிடித்தது.

பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்ட குடும்பங்கள் ஏப்ரல் 29 முதல் மே முதல் வாரம் வரை போகாமல் இருப்பது நல்லது. அது அவர்களுடைய தொடர் விடுமுறை, 'கோல்டன் வீக்'. ஊரே ரயிலில் இருக்கும். அது முடிந்த மறுநாளிலிருந்து மே இறுதி வரை அருமையான காலம்: வெயில் இதம், கூட்டம் குறைவு, மரமெல்லாம் புதுத் தளிர். ஜூனில் மழைக்காலம். ஜூலை கடைசியும் ஆகஸ்டும் நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததல்ல, புழுக்கம் வேறு. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல்கள் வரும். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அருங்காட்சியகங்களும் சிறு கடைகளும் மூடியிருக்கும்.

விசா கடினமா?

இல்லை. இந்தியக் குடிமக்களுக்கு 2024 ஏப்ரல் முதல் சுற்றுலாவுக்கு மின்விசா உண்டு. விண்ணப்ப மையம் வழியாகத்தான் போக வேண்டும். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள். விமான நிலையத்தில் கைப்பேசியில் இணையத்தைத் திறந்து நேரடியாகக் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. இலங்கைக் குடிமக்களும் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. சிப் பதித்த மலேசியப் பாஸ்போர்ட்டுக்கும் அப்படித்தான். விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகப் பக்கத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும்?

விமானக் கட்டணம் தவிர்த்து, இருவர் ஒரு அறையில் தங்கினால் ஆளுக்கு 13,000 முதல் 15,000 யென் என்று கணக்கு வையுங்கள். நல்ல பிசினஸ் ஓட்டலில் இருவர் அறை பூக்காலம் அல்லாத நாளில் 12,000 முதல் 18,000 யென். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் 800 முதல் 1,200. கடையில் சோற்று உருண்டை, அதாவது ஒனிகிரி, ஒன்று 150 முதல் 200. கோயில் நுழைவு பெரும்பாலும் 400 முதல் 600. யென்னை இந்திய ரூபாயில் பாதியாகக் குறைத்து, அதற்குமேல் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் தலைக்கணக்குக்குப் போதும்.

அறை சிறியதாக இருக்கும். இரண்டு பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. டிப்ஸ் கொடுக்கவே கூடாது, மீறி வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி வந்து தருவார்கள். ரொக்கம் கொஞ்சம் கையில் வேண்டும். செவன் இலெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம்மில் நம் அட்டைகள் வேலை செய்யும்.

ஜப்பான் ரயில் பாஸ் வாங்கலாமா?

குறிப்பிட்ட நாள்களுக்குள் நாடு முழுக்க ரயிலில் எத்தனை முறையும் போகத் தரும் சீட்டு அது. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வோம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் ஒரு வழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். மேலே சொன்ன மாதிரி ஒரு வழிதான் போகிறீர்கள் என்றால் பாஸ் எடுப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். கியோட்டோவில் இருந்துகொண்டு ஹிரோஷிமாவும் போகிறவர்கள் கியோட்டோ, ஒசாகா அடங்கிய கன்சாய் வட்டாரத்தின் பாஸ்களை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1 அன்று, டோக்கியோ ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு ஓடத் தொடங்கியது. இன்று அதில் மிக வேகமான நொசோமி ரயில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவை இரண்டேகால் மணி நேரத்தில் எட்டிவிடுகிறது. கியோட்டோ நோக்கிப் போகும்போது 'ஈ' வரிசை ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்தில், வானம் தெளிவாக இருந்தால், வலப்பக்கம் ஃபுஜி மலை முழுசாகத் தெரியும். நிலையத்தில் விற்கும் சாப்பாட்டுப் பெட்டியான 'எகிபென்' வாங்கிக்கொண்டு ஏறுங்கள். நகர ரயிலில் சாப்பிடுவது அநாகரிகம், ஷின்கான்சென்னில் சாப்பிடுவது வழக்கம்.

ஊருக்குள் சுற்ற?

சூய்கா, பாஸ்மோ, இகோகா என்று பல பெயரில், பணம் ஏற்றித் தட்டும் அட்டைகள் உண்டு. ஏதாவது ஒன்று போதும், எல்லாப் பெருநகரங்களிலும் செல்லும். பேருந்து, மெட்ரோ, கடை, பானம் விற்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் அதுவே. ஆறு வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு ரயில் பெரும்பாலும் இலவசம், பதினொன்று வரை அரை டிக்கெட். நள்ளிரவையொட்டிக் கடைசி ரயில் போய்விடும், பிறகு விடியும் வரை ரயில் கிடையாது. அதை மறந்தவர்களுக்கு டாக்ஸி மீட்டர் நினைவூட்டும்.

டோக்கியோவில் எங்கே தங்குவது?

ஊரைச் சுற்றி வட்டமாக ஓடும் யமனோதே தடத்தில் 30 நிலையங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம். இந்தத் தடத்தை ஒட்டி, நிலையத்திலிருந்து ஏழெட்டு நிமிட நடையில் அறை எடுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது உயேனோ. நரிட்டா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணியில் நேராக அங்கே கொண்டுவந்து இறக்கிவிடும். பூங்கா, அருங்காட்சியகங்கள், மலிவான கடைத்தெரு எல்லாம் நடக்கும் தூரம். சைவக் குடும்பம், சிறு குழந்தைகள் என்றால் எடோகாவா பகுதியிலுள்ள நிஷி கசாயையும் யோசிக்கலாம். இந்தியர்கள் நிறைய வசிக்கும் பேட்டை, தோசை கிடைக்கும், மெட்ரோவில் கால் மணி நேரத்தில் நகர மையம்.

ஷின்ஜுகுவை நான் முதல் முறைக்குப் பரிந்துரைப்பதில்லை. ஒரு நாளைக்கு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புழங்கும் நிலையம் அது, இருநூறுக்கு மேல் வாசல்கள். பெட்டியோடும் தூக்கக் கலக்கத்தோடும் அங்கே வழி தேடுவது வதை. எந்த நிலையமானாலும் சரி, எந்த எண் வாசலில் வெளியே வர வேண்டும் என்று முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி என்பது பேட்டை, அதற்குள் மனைத்தொகுதி, அதற்குள் கட்டடம் என்று எண்களாகவே இருக்கும்.

அவ்வளவு பெரிய ஊரில் எங்கே தொடங்குவது?

யனகாவில். 1923 நிலநடுக்கத்துக்கும் 1945 குண்டுவீச்சுக்கும் பெருமளவு தப்பிய பழைய பேட்டை. சின்னச் சின்னக் கோயில்கள், மரவீடுகள், கல்லறைத் தோட்டத்தின் நடுவே போகும் செர்ரி மரச் சாலை, சாயங்காலம் வறுவல் வாசனை வீசும் கடைத்தெரு. அங்கிருந்து நடந்தே உயேனோவுக்கு வந்துவிடலாம். இன்னொரு நாள் மெய்ஜி ஆலயம். 1920இல் எழுந்த கோயில். அதைச் சூழ்ந்த 70 ஹெக்டேர் காடு, நாடெங்கிலுமிருந்து மக்கள் அனுப்பிய சுமார் ஒரு லட்சம் மரங்களை மனிதக் கையால் நட்டு வளர்த்தது. நூறு வருஷத்தில் அது தானாக முளைத்த காடுபோல் ஆகிவிட்டது. உள்ளே போனதும் நகரச் சத்தம் அடங்கிவிடும்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க 634 மீட்டர் ஸ்கைட்ரீக்குக் காசு கொடுக்கலாம். ஷின்ஜுகுவிலுள்ள மாநகர அரசுக் கட்டடத்தின் 202 மீட்டர் உயரப் பார்வை மாடம் இலவசம். நான் இரண்டுக்கும் போனேன், இரண்டாவதே போதும்.

அங்கே சரஸ்வதிக்கும் பிள்ளையாருக்கும் கோயில் உண்டாமே, உண்மையா?

உண்மை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. பௌத்தம் இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போனபோது நம் தெய்வங்களும் கூடவே போனார்கள். சரஸ்வதி அங்கே பென்சைதென். உயேனோவில் ஷினோபசு குளத்தின் நடுவே, தாமரைகளுக்கு நடுவில், அவளுக்கு ஒரு கோயில் இருக்கிறது. கையில் வீணைக்குப் பதிலாக பிவா என்னும் நரம்பிசைக் கருவி. இந்திரன் தைஷாகுதென், ஷிபமதாவில் அவருக்குக் கோயில். அசாகுசாவின் சென்சோஜி கோயிலில் கூட்டத்தில் நசுங்கியபின் பத்து நிமிடம் ஆற்றோரமாக நடந்தால் மத்சுசியாமா என்ற சிறு மேடு வரும். அங்கே குடியிருப்பவர் கங்கிதென், நம் விநாயகர். உருவத்தைத் திரைக்குப் பின் மறைத்தே வைத்திருப்பார்கள், யாருக்கும் காட்டுவதில்லை. அவருக்குப் படைப்பது கொழுக்கட்டை அல்ல, முள்ளங்கி. கோயில் முழுக்க முள்ளங்கிச் சின்னம் செதுக்கியிருக்கும். அம்மா அங்கேயே ஒரு முள்ளங்கி வாங்கி வைத்து, மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தார். கோயில்காரப் பெரியவர் கைகூப்பிச் சிரித்தார்.

கியோட்டோவில் சஞ்சூசங்கெந்தோ என்ற நீண்ட மண்டபத்தில் கருணையின் போதிசத்துவரான கண்ணோனின் 1,001 சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் காவல் நிற்கும் 28 பரிவாரத் தெய்வங்களில் பலர் நமக்குத் தெரிந்தவர்கள்தான். பெயர்ப் பலகையை நிதானமாகப் படியுங்கள்.

நுழைவாயிலில் தோரணம்போல் தோரீ நின்றால் அது ஜப்பானின் சொந்த மதமான ஷிந்தோவின் ஆலயம். அங்கே இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை வணங்குவார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும். உண்டியலில் ஐந்து யென் காசு போடுவது வழக்கம். 'கோ எந்' என்ற அதன் ஒலிக்கு நல்ல உறவு என்றும் பொருள் வரும்.

கியோட்டோவில் கால் வைக்க இடமில்லை என்கிறார்களே?

காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நடுவில் புகழ்பெற்ற ஐந்தாறு இடங்களில் அப்படித்தான். அதே இடங்களுக்கு விடியற்காலையில் போங்கள். ஃபுஷிமி இனாரி ஆலயத்தின் ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரீகள் இரவும் பகலும் திறந்தே இருக்கும், கட்டணமும் இல்லை. காலை ஆறரைக்கு நான் போனபோது, 233 மீட்டர் மலையின் உச்சிவரை வழியில் பார்த்தது நாயோடு நடை பழகும் உள்ளூர்க்காரர்களைத்தான். கியோமிசு கோயிலும் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும்.

பேருந்தை நம்பாதீர்கள், நெரிசலில் உள்ளூர்ப் பாட்டிகளுக்கே இடம் கிடைப்பதில்லை. மெட்ரோவும் உள்ளூர் ரயிலும் முடிந்தவரை போதும், மிச்சம் நடை. கியோட்டோ 794இல் சீனத் தலைநகர் சாங்ஆனின் மாதிரியில் சதுரங்கக் கட்டமாக அமைத்த நகரம். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் தலைநகராக இருந்தது. நேர்கோட்டுத் தெருக்கள் என்பதால் வழி தப்பாது. மாலையில் காமோ ஆற்றங்கரையில் போய் உட்காருங்கள், மாணவர்கள் பாட்டுப் பழகிக்கொண்டிருப்பார்கள்.

கியோன் பகுதியில் கெய்கோக்களும் (கெய்ஷாவுக்குக் கியோட்டோ பெயர்) அவர்களிடம் கலை பழகும் மைக்கோக்களும் வேலைக்குப் போகிறவர்கள். வழிமறித்துப் படம் எடுக்காதீர்கள். தனியார் சந்துகளில் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்துவிட்டார்கள். அந்த அளவுக்கு அவர்களை நோகடித்திருக்கிறோம்.

நாராவுக்கு அரை நாள் போதுமா?

மான்களை மட்டும் பார்க்க என்றால் போதும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் ஊருக்குள் சுதந்திரமாகத் திரிகின்றன. பிஸ்கட்டைக் கண்டால் தலைவணங்கும், கொடுக்காவிட்டால் சட்டையைக் கடிக்கும், சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தரின் முன்னால் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும். சுமார் 15 மீட்டர் உயர வெண்கலச் சிலை. 752இல் அதற்குக் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அத்தனை கடல் கடந்து போய் அந்தத் தூரிகையைப் பிடித்த கையை நினைத்துக்கொண்டு நின்றேன். முழு நாளை ஒதுக்குங்கள்.

ஒசாகாவை விட்டுவிடலாமா?

பார்க்கும் இடங்களுக்காகப் போகிறவர்கள் விட்டுவிடலாம். கோட்டை 1931இல் கான்கிரீட்டில் மீண்டும் கட்டியது. சாப்பாட்டுக்காகவும் மனிதர்களுக்காகவும் போகிறவர்கள் விடக் கூடாது. சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த தோதோம்போரியில் ஒரு மாலை, முட்டைக்கோஸ் அடை போன்ற ஒகொனோமியாகி விற்கும் கடையில் சுடும் கல்லைப் பார்த்தபடி ஒரு இரவு. ஒசாகாக்காரர்கள் சத்தமாகச் சிரிப்பார்கள், பக்கத்து மேசைக்காரர் தானாகப் பேச்சுக் கொடுப்பார். ஒன்பது நாள் அமைதிக்குப் பிறகு நம் ஊருக்கு வந்ததுபோல் இருக்கும். எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்கிறார்கள், இங்கே வலப்பக்கம்.

ஹிரோஷிமாவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், பத்து வயதுக்கு மேல் என்றால். கியோட்டோவிலிருந்து ஷின்கான்சென்னில் ஒரு மணி நாற்பது நிமிடம். அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் கருகிய சீருடைகளும் நின்றுபோன கடிகாரங்களும் இருக்கின்றன. பெரியவர்களுக்கே தாங்காது. சிறு பிள்ளைகள் இருந்தால் பெற்றோரில் ஒருவர் வெளியே பூங்காவில் சடாகோ சசாகியின் நினைவாக எழுப்பிய சிறுவர் நினைவுச் சின்னத்தருகே அவர்களோடு இருங்கள். காகிதக் கொக்கு மடித்த அந்தச் சிறுமியின் கதை நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். கதிர்வீச்சின் பாதிப்பால் 1955இல் பன்னிரண்டு வயதில் இறந்தாள்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு அணுகுண்டு விழுந்தது. மூன்றே நாளில், ஆகஸ்ட் 9 அன்று, டிராம் தடத்தின் ஒரு பகுதியில் மீண்டும் வண்டி ஓடியது. அன்று தப்பிய வண்டிகளில் சில இன்னமும் இருக்கின்றன. அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து டிராம் ஏறும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை, ஆனால் திட்டமிட வேண்டும். சிக்கல் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியில் இல்லை, தாஷியில் இருக்கிறது. தாஷி என்பது அவர்கள் சமையலின் அடிப்படைக் கொதிநீர். பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கியது. சூப், காய்கறிக் கூட்டு, நூடுல்ஸ் சாறு, சில ஊறுகாய்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. "வெஜிடேரியன்" என்று சொன்னால் பரிமாறுபவர் மீன் சீவலை நினைக்கவே மாட்டார், அது அவருக்கு உப்பு மாதிரி. ஆகவே இறைச்சி, மீன், தாஷி, முட்டை எது எது கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'நிகு' இறைச்சி, 'சகானா' மீன். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் 'கியூ' என்ற ஒலியைக் கவனியுங்கள். 'புத்தா' என்று காதில் விழுந்தால் கைகூப்ப வேண்டாம், அது பன்றி.

நம்பிப் போகக்கூடிய இடங்களும் இருக்கின்றன. டோக்கியோ நிலையத்துக்குள்ளேயே, டிக்கெட் கதவுக்கு உட்புறம், டீஸ் தந்தன் என்ற முழுத் தாவர உணவுக் கடையில் ராமென் நூடுல்ஸ் கிடைக்கும். கியோட்டோவின் கோயில்களில் துறவிகளின் சைவச் சமையலான ஷோஜின் ரியோரி கிடைக்கும். விலை கூடுதல், ஒரு முறையாவது சாப்பிட்டுப் பாருங்கள். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சோறான காப்பா மாகி எங்கும் உண்டு.

வீட்டிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போங்கள். சூப்பர் மார்க்கெட்டில் வெந்த சோறு பாக்கெட்டாகக் கிடைக்கும், ஓட்டல் மாடியில் உள்ள மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் போதும். சர்க்கரை சேர்க்காத தயிரும் அங்கேயே உண்டு. அந்தக் குழைந்த குட்டை அரிசியில் பிசைந்த தயிர்சாதம்போல் நான் நம் ஊரில்கூடச் சாப்பிட்டதில்லை.

இந்தியக் கறிக்கும் டோக்கியோவுக்கும் பழைய உறவு. விடுதலைப் போராட்டக்காரரான ராஷ் பிஹாரி போஸ் புகலிடம் தேடிப் போய், ஷின்ஜுகுவிலுள்ள நகமுராயாவில் 1927இல் இந்திய முறைக் கறியை அறிமுகப்படுத்தினார். இன்றும் அங்கே அது கிடைக்கிறது, ஆனால் கோழிக்கறி. திருவனந்தபுரத்துக்காரரான ஏ. எம். நாயர் 1949இல் கின்சாவில் தொடங்கிய உணவகமும் இன்னும் நடக்கிறது.

எதை எடுத்துப் போகக் கூடாது?

இறைச்சி எந்த வடிவிலும் கூடாது, கருவாட்டோடு உப்புக்கண்டத்தையும் அம்மா கட்டிக் கொடுத்தால் உப்புக்கண்டத்தை எடுத்து வைத்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் இவற்றுக்குச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. மருந்தில் மிகுந்த கவனம் தேவை. கோடீன் கலந்த இருமல் மருந்தும், சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரையும் நம் ஊரில் சாதாரணம், அங்கே சட்டச் சிக்கலாகலாம். வழக்கமான மருந்துகளை ஒரு மாத அளவுக்கு மிகாமல், மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் முன் அனுமதி பெற வேண்டும். மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கால் பிளக்.

பெரிய பெட்டிகளை என்ன செய்வது?

ஓட்டல் வரவேற்பறையில் கொடுத்து அடுத்த ஊர் ஓட்டலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தக்யூபின் என்று கேட்டால் புரியும். டோக்கியோவில் இன்று கொடுத்தால் கியோட்டோவில் நாளை இருக்கும், பெட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென். ஒரு இரவுக்கான துணியை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு கையை வீசிக்கொண்டு ரயிலேறலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டியோடு ஷின்கான்சென் ஏறினால் அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும்.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பேட்டை. லிஃப்ட் பெரும்பாலான நிலையங்களில் இருக்கும், ஆனால் நடைமேடையின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். ஒரு நாளில் பதினைந்தாயிரம் அடி சர்வ சாதாரணமாக நடந்துவிடுவோம். உட்கார பெஞ்சு அரிது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை காபிக் கடைக்குள் நுழைந்துவிடுங்கள். டோக்கியோ டாக்ஸியின் தொடக்கக் கட்டணம் 500 யென் அளவில்தான், குறுகிய தூரத்துக்கு நால்வர் ஏறினால் மெட்ரோவோடு பெரிய வித்தியாசம் இல்லை. கதவு தானாகத் திறக்கும், இழுக்காதீர்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்போ ஷூவோ போடச் சொல்லுங்கள், கோயில்களில் அடிக்கடி கழற்ற வேண்டிவரும்.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். பெயர்ப்பலகைகளில் ஆங்கிலம் உண்டு, மிச்சத்தைக் கைப்பேசிக் கேமரா மொழிபெயர்த்துவிடும். 'சுமிமாசென்' என்ற ஒரு சொல் போதும். மன்னிக்கவும், கொஞ்சம் கேளுங்கள், வழி விடுங்கள், நன்றி எல்லாவற்றுக்கும் அதுதான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாக்கிய அமைப்பு நம்முடையதைப் போலவே இருக்கும், வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபும் கேள்வி ஒட்டும் சொல்லின் பின்னால் வரும். 'எகி வா தோகோ தெசு கா' என்றால் 'நிலையம் எங்கே இருக்கிறது', சொல் வரிசைகூட அதேதான். சுசுமு ஓனோ என்ற பேராசிரியர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவே உண்டு என்று நீண்ட காலம் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் பத்து வாக்கியம் பழகிக்கொண்டு போனால் நாக்கு எளிதில் வளைவதைக் காண்பீர்கள்.

தெரியாமல் தவறு செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

ரயிலில் கைப்பேசியில் பேசாதீர்கள், வரிசையில் நில்லுங்கள், காசைத் தட்டில் வையுங்கள். மீதியை மன்னித்துவிடுவார்கள். குப்பைத்தொட்டி அநேகமாகக் கிடைக்காது. 1995இல் டோக்கியோ மெட்ரோவில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் பலவற்றை அகற்றிவிட்டார்கள். ஒரு பையில் குப்பையைச் சேர்த்து அறைக்குக் கொண்டுவாருங்கள். பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருப்பது அங்கே சட்டம்.

நிலநடுக்கம் வந்தால்?

சிறு அதிர்வு அடிக்கடி வரும், பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பெரிதாக வந்தால் மேசைக்கு அடியில் போங்கள், வெளியே ஓடாதீர்கள், கடலோரம் என்றால் உடனே மேட்டுக்குப் போங்கள். எச்சரிக்கையை ஆங்கிலத்தில் தரும் 'சேஃப்டி டிப்ஸ்' செயலியைக் கிளம்பும் முன்பே இறக்கி வையுங்கள். ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110.

திரும்பும்போது ரயில் அட்டையில் மீதியிருக்கும் பணத்தைத் திரும்பப் பெறலாமா?

டோக்கியோவில் வாங்கிய சூய்காவை ஒசாகாவில் கொடுத்துப் பணம் வாங்க முடியாது, அந்தந்த வட்டார நிறுவனம்தான் தரும். சுற்றுலாக்காரர்களுக்கான வெல்கம் சூய்கா என்றால் மீதியே கிடைக்காது, 28 நாளில் அட்டை காலாவதியாகிவிடும். அதனால் கடைசி இரண்டு நாள் ஆயிரம் ஆயிரமாக மட்டும் ஏற்றுங்கள். கன்சாய் விமான நிலையத்துக் கடையில் மீதி யென்னுக்கு ஒனிகிரியும் மாட்சா பிஸ்கட்டும் வாங்கி, பற்றாக்குறையைச் சில்லறைக் காசில் கொடுத்துவிடலாம். ஓட்டை போட்ட ஐந்து யென் காசு இரண்டை மட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள்.